கோழிக்குப் போடுற பவுடர்: கலக்குற ஆளையும் பிடிக்கும் ஆபத்து!

பாக்கெட்டில் உள்ள 3 விஷயத்தைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்

நாமக்கல்,-

முட்டைக்குப் பேர் போன ஊர் நாமக்கல். 1997-ம் ஆண்டுக்கு முன்பு சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர்தான். இங்கிருந்து தினமும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரி ஏறுகின்றன. சேலம் செவ்வாய்பேட்டை மளிகைக் கடைக்குப் போகிறது. கேரளாவுக்குப் போகிறது. கப்பல் ஏறி வெளிநாட்டுக்கும் போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டிலும் விழுகிறது.

இத்தனை முட்டைக்கும் பின்னால் ஒரு பவுடர் இருக்கிறது. கோழிக்குச் சளி, கழிச்சல் என்று வந்தால் தண்ணீர் டேங்கிலோ தீவனத்திலோ கலந்து கொடுக்கும் 'ஆன்டிபயாடிக்' பவுடர்தான் அது.

முறையாகக் கொடுத்தால் அது மருந்து. இஷ்டத்துக்கு அள்ளிப் போட்டால் 3 இடத்தில் வினை. முதலில் கலக்குகிற ஆளுக்கு. அடுத்து முட்டைக்கு. கடைசியில், கோழிப்பண்ணைப் பக்கமே போகாத நோயாளிக்கு!

பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

கால்நடை மருந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வீட்டு மிருகத்தின் தலை படம் போட்டிருக்கும். பக்கத்திலேயே, 'மனித உபயோகத்துக்கு அல்ல. விலங்குகளின் சிகிச்சைக்கு மட்டும்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். சட்டப்படி இது கட்டாயம்.

இரண்டாவது, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். மருந்தை நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்து முட்டையை, கறியை விற்கலாம் என்ற கணக்கு. இதையும் லேபிளில் போட்டாக வேண்டும் என்று 2012 ஜனவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இத்தனை நாள் என்று ஆராய்ந்து முடிவாகாத மருந்தாக இருந்தால், முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கறிக்குக் குறைந்தது 28 நாள் என்று அந்த விதி சொல்கிறது.

இந்த 3 விஷயமும் பொடி எழுத்தில், பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். பண்ணையில் பவுடரைக் கலக்கும் ஆள் உள்ளூர்க்காரராக இருந்தாலும் சரி, பீகார், ஒடிசாவில் இருந்து வந்தவராக இருந்தாலும் சரி, அவர் கண்ணுக்கு அது வெறும் கோடு. படித்துச் சொல்ல வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

மூச்சில் ஏறும் தூசி

இந்தப் பவுடர் மாவை விட மென்மையானது. பாக்கெட்டைக் கத்தரித்து உயரத்தில் இருந்து கொட்டினால் புகை மாதிரி கிளம்பும். அந்தப் புகைதான் வில்லன். மூக்கிலும் கண்ணிலும் வியர்த்த தோலிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

அமாக்சிசிலின் என்பது பென்சிலின் குடும்பத்து மருந்து. பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தூசியே போதும். உடம்பு தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

டைலோசின் என்று இன்னொரு மருந்து. கோழியின் சளி நோய்க்குக் கொடுப்பது. தினமும் இதைக் கையால் தொடுகிறவர்களுக்குத் தோலில் அரிப்பு, சொறி, வெடிப்பு வருவது உலகம் முழுக்கப் பதிவான விஷயம். நியோமைசினும் அதே ரகம்.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. முதல் நாள் ஒன்றும் ஆகாது. முதல் மாதமும் ஒன்றும் ஆகாது. 'பத்து வருஷமா கையாலதான் கலக்குறேன், எனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கலாம். தொட்டுத் தொட்டு உடம்பு அந்த மருந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒருநாள் திடீரென்று எதிர்க்கும். அதற்குப் பிறகு துளி பட்டாலும் அலர்ஜிதான். நாளைக்கு அதே ஆளுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், அந்தக் குடும்பத்து மருந்தையே டாக்டர் கொடுக்க முடியாமல் போகலாம்.

மஞ்சள் பவுடர் மயக்கம்

ஆக்சிடெட்ராசைக்ளின் மஞ்சள் நிறம். பொட்டலத்தில் கட்டி அடுக்களை அலமாரியில் வைத்தால் கடலை மாவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளை மருந்து சமையல் சோடா மாதிரி இருக்கும். பழைய காபித்தூள் டப்பாவில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடம்பில் சேர்ந்தால் வளரும் பல்லில் நிரந்தரமாகக் கறை பிடிக்கும். கர்ப்பிணிப் பெண்கள் இந்தப் பவுடர் பக்கமே போகக்கூடாது.

காலாவதியானதை, 'கோழிக்குத்தானே' என்று போடுவதும் தப்பு. கெட்டுப்போன டெட்ராசைக்ளினைச் சாப்பிட்ட மனிதர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 1963-லேயே டாக்டர்கள் கண்டு எழுதி இருக்கிறார்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கால் கிலோ பாக்கெட்டைப் பிரித்து, காகிதத்தில் 10 ரூபாய்க்கு மடித்துக் கொடுத்தால் மருந்து மட்டும்தான் வீட்டுக்குப் போகும். மிருகத் தலை படமும், நாள் கணக்கும் கடையிலேயே தங்கிவிடும்.

எப்படிக் கலக்க வேண்டும்?

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்ற நினைப்பு இருக்கிறது. துண்டு வைக்கோல் தூசியைத் தடுக்கலாம். இந்த நைஸ் தூசி துண்டுக்குள் புகுந்து வரும். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான என்-95 மாஸ்க்தான் இதற்கு ஏற்றது. கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை.

ஷெட்டில் ஓடும் மின்விசிறியை நிறுத்த வேண்டும். காற்று முதுகுப் பக்கம் இருந்து வருமாறு நிற்க வேண்டும். பக்கெட்டில் முதலில் தண்ணீரை ஊற்றி, பாக்கெட்டின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகச் சரிக்க வேண்டும். கையை விட்டு அளைய வேண்டாம், நீளக் குச்சி இருக்கிறது. நன்றாகக் கரைந்த பிறகு டேங்கில் ஊற்றலாம். தீவனத்தில் கலப்பதாக இருந்தால், கொஞ்சம் தீவனத்தில் முதலில் கலந்து, பிறகு மூடி போட்ட மிக்சரில் போட வேண்டும்.

அளவை 'ஒரு கை' கணக்கில் போடக்கூடாது. ஒருவர் கை சின்னது, இன்னொருவர் கை பெரிது. தராசு வாங்கும் செலவு ஒரு பாக்கெட் மருந்து விலைதான். மருந்துத் தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நேற்று மிஞ்சியதில் வீரியம் இருக்காது.

வேலை நடுவே பீடி வேண்டாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விரலில் மருந்து இருந்தால் நேராக வாய்க்குள் போகும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். காலி பாக்கெட்டை வாய்க்காலில் வீசக்கூடாது. அதில் எதையும் கட்டி வைக்கவும் கூடாது.

கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்த மருந்து பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் வேகமாக வேலை செய்ய முடியும்.

இரண்டு மருந்து சேர்ந்தால்...

ஆளுக்கு மட்டுமல்ல, கோழிக்கும் ஆபத்து உண்டு.

ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைத் தீவன மில்லிலேயே கலந்து அனுப்புவது வழக்கம். இது தெரியாமல், சளிக்கு என்று டயாமுலினைத் தண்ணீரில் கலந்து விட்டால் கதை கந்தல். முதல் மருந்து உடம்பை விட்டு வெளியேற முடியாமல் விஷமாகிவிடும். கோழி கால் இழுத்துப் படுக்கும், கூட்டமாகச் சாகும். தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் புது மருந்து போடக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. மொனென்சின் கலந்த கோழித் தீவனத்தைக் குதிரை தின்றால், கொஞ்சம் தின்றாலே உயிர் போய்விடும்.

டெட்ராசைக்ளினுக்கு இன்னொரு பலவீனம். சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொண்டு, உடம்பில் சேராமல் எச்சத்தோடு வெளியே போய்விடும். முட்டைக்கோழித் தீவனத்திலோ ஓட்டுக்காகக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் நிறைய. போர் தண்ணீரும் உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். மருந்து வேலை செய்யவில்லையே என்று இன்னும் ஒரு பாக்கெட்டைக் கொட்டுவார்கள். காசும் போச்சு, நோயும் போகவில்லை.

வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ் நோய். அந்த வைரசை எந்த ஆன்டிபயாடிக் பவுடரும் கொல்லாது. அதற்குத் தடுப்பூசி ஒன்றுதான் வழி. அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

3 லட்ச ரூபாய் சோதனை

இப்போது முட்டைக்கு வருவோம்.

முட்டையின் மஞ்சள் கரு ஒரே நாளில் உருவாவது அல்ல. முழுதாகத் திரள ஏறக்குறைய 10 நாள் பிடிக்கும். இன்று கோழி குடிக்கும் மருந்து, அடுத்த வாரம் இடப்போகும் முட்டையின் கருவிலும் படியும். மருந்தை நிறுத்தியும் முட்டையில் வந்துகொண்டிருப்பது இதனால்தான். 7 நாள், 10 நாள் என்று காத்திருக்கச் சொல்வது சும்மா இல்லை.

ஆனால், காத்திருப்பது லேசான காரியமா? 10 ஆயிரம் கோழி உள்ள சின்னப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். 100 கோழிக்கு 90 முட்டை என்றால் ஒரு நாளைக்கு 9 ஆயிரம் முட்டை. 7 நாளைக்கு 63 ஆயிரம். முட்டை 5 ரூபாய் என்று வைத்தாலே 3 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய்! இத்தனையையும் குழி தோண்டிப் புதை என்றால் எந்த மனசு ஒப்பும்? வங்கிக் கடன், தீவனப் பாக்கி, கூலி எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கும். லேபிளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடும் சபலம் இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு ஒரே விடை, முட்டையிடும் கோழிக்கு மருந்தே தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது. சுத்தமான தண்ணீர், நேரத்துக்குத் தடுப்பூசி, வெளி ஆள், வெளி வண்டியை ஷெட்டுக்குள் விடாமை, ஈரம் இல்லாத எரு. அப்படியும் நோய் வந்தால், செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிசோதித்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்த பிறகு மருந்து வாங்குவது. 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பஸ் ஏறினால் போய்விடலாம்.

போஸ்டன் பண்ணையில் நடந்தது

பவுடர் கோழியோடு நிற்பதில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு.

அமெரிக்காவில் போஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை. டாக்டர் ஸ்டூவர்ட் லெவி என்பவர் அங்கே 300 கோழிக் குஞ்சுகளை இரண்டு பங்காகப் பிரித்தார். ஒரு பங்குக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம், இன்னொரு பங்குக்குச் சாதாரணத் தீவனம். ஒரே வாரத்தில், மருந்து தின்ற கோழிகளின் குடலில் இருந்த கிருமிகளில் பெரும்பாலானவை அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளாகிவிட்டன.

அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். 5, 6 மாதத்தில் பண்ணையில் வாழ்ந்த மனிதர்களின் வயிற்றிலும் அதே சங்கதி! அவர்களிடம் வாரா வாரம் எடுத்த மாதிரிகளில் 100-க்கு 31-ல், கிருமிகளில் 80 சதவீதத்துக்கு மேல் மருந்துக்கு அசையாதவையாக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் 100-க்கு 7 மாதிரிதான் அப்படி. பண்ணைக்காரர்கள் அந்த மருந்தை ஒரு மாத்திரை கூட விழுங்கியது இல்லை. 1976-ல் வெளியான ஆராய்ச்சி இது.

கடைசித் தோட்டா

கோலிஸ்டின் என்ற மருந்தின் கதை இதைவிடப் பெரியது. 1940-களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனித டாக்டர்கள் ஒதுக்கி வைத்தார்கள். பிறகு வேறு எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் வந்ததும், வேறு வழி இல்லாமல் திரும்ப எடுத்தார்கள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லா மருந்தும் தோற்ற பிறகு எடுக்கும் கடைசித் தோட்டா அதுதான்.

அதே மருந்தை இன்னொரு பக்கம் கிலோக் கணக்கில் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். நோய்க்காக மட்டுமல்ல, கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று!

2015 நவம்பரில் சீனாவில் இருந்து ஒரு செய்தி வந்தது. கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமி பன்றியிலும், கடைக் கறியிலும், ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் இருக்கிறது. அதைவிட மோசம், அடங்காத அந்தக் குணத்தை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது. சீனா உடனே விழித்துக்கொண்டு, தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது.

இந்தியாவில் 2019 ஜூலை 19-ந் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவு போட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன், தீவனக் கலவை எதற்கும் கோலிஸ்டின் தயாரிக்கவும் விற்கவும் தடை. மனிதர்களுக்கான கோலிஸ்டின் பாக்கெட்டிலும், இதைக் கால்நடைக்கோ கோழிக்கோ கொடுக்கக்கூடாது என்று அச்சடிக்க வேண்டும் என்றும் சொன்னது.

2025 மார்ச்சில் இன்னும் இரண்டு வகை மருந்துகளுக்குப் பூட்டு விழுந்தது. ஒன்று குளோராம்பெனிகால். முன்பு டைபாய்டுக்குக் கொடுத்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும். கொஞ்சம்தான் பட்டது என்பதற்காக அது விடாது. இன்னொன்று நைட்ரோஃபியூரான் வகை. புற்றுநோய் பயம் உள்ளது. உணவுக்காக வளர்க்கும் எந்தப் பிராணிக்கும் இவற்றைக் கொடுக்கக்கூடாது.

பழைய ஸ்டாக் அலமாரி மூலையில் கிடக்கிறதா? கோழிக்கும் போட வேண்டாம், கிணற்றிலும் கொட்ட வேண்டாம். வாங்கிய கடையிலோ கால்நடை டாக்டரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

முட்டை சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான சத்து வேறு கிடையாது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமியாக இருந்தாலும் கொதிக்கும் சூட்டுக்கு அடங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே முழுசாக வேகவைத்தது நல்லது. ஆஃப் பாயில் பிரியர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். கறியைக் கழுவிய கையால், அறுத்த கத்தியால் தக்காளி நறுக்க வேண்டாம்.

கிருமிதான் வெந்து சாகும். மருந்து மிச்சம் அப்படி இல்லை. பல மருந்துகள் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. அதை அடுப்பங்கரையில் தடுக்க முடியாது, பண்ணையில்தான் தடுக்க முடியும்.

எனவே பண்ணைக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஷெட் வாசலில் ஒரு தினசரி காலண்டரை மாட்டுங்கள். மருந்தின் பேர், எத்தனை கிராம், எந்த ஷெட், என்றைக்கு ஆரம்பம், என்றைக்கு நிறுத்தம் என்று எழுதுங்கள். லேபிளில் உள்ள நாளை எண்ணி, முட்டை எடுக்கலாம் என்கிற தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். தமிழ் தெரியாத தொழிலாளிக்கும் சிவப்பு வட்டம் புரியும். அந்தத் தேதி வரும்வரை அந்த ஷெட்டின் முட்டை லாரி ஏறக்கூடாது.